மூச்சு அடங்கும் வரை

மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரை
மூன்றரைக் கிலோமீட்டர் என்கிறது கைக்கடிகாரம்.
என் கணக்கில் ஐந்து படம்.

உள்ளங்கை அளவு நோட்டு
இட்லி மாவு வாங்கிய உறைக்குள், இடுப்புப் பையில்.
பென்சில் கொண்டையில்.
ஒருநாள் அதை எடுக்க மறந்து
வங்கிக் கவுன்ட்டரில் போய் உட்கார்ந்துவிட்டேன்.
டோக்கன் பதினேழுதான் கண்ணாடியைத் தட்டி
"மேடம், தலையில" என்றார்.

விதி ஒன்றே ஒன்று.
நின்ற நொடியில் வரையத் தொடங்கவேண்டும்,
மூச்சு அடங்கியதும் மூடிவிடவேண்டும்.
பாதிப் பனை என்றால் பாதிதான்.

அதனால் கெடிலத்தின் முகத்துவாரம்
ஒருநாளும் முழுதாகக் கிடைத்ததில்லை.
மணல்திட்டு வந்துவிடும்,
ஒரு ஃபைபர் படகின் மூக்கு வந்துவிடும்,
அக்கரைச் சவுக்குக்குக் கை போகும்போது
நெஞ்சு சமாதானமாகிவிடும்.
என் நோட்டில் அந்த ஆற்றுக்கு
இதுவரை ஒரு கரைதான்.

நாடி, பென்சில் முனை வரை வந்து குதிக்கிறது.
தொடுவானம் நேராக விழுவதே இல்லை.
முதல் மாதம் அழித்து அழித்துத் தாள் கிழிந்தது.
அப்புறம் ஒருநாள்
அழிப்பதை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்தேன்.
அதற்கும் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

கல்லூரி மதிலோரத்து வேம்பில்
என் மூக்கு நுனி வியர்வை சொட்டி
ஒரு கிளை ஊதிப்போயிற்று.
காக்கை என்று சொல்லிக்கொள்கிறேன்.

"நின்னு நின்னு ஓடினா அதுக்குப் பேரு ஓட்டமா?"
என்று கேட்டபடி தாண்டிப் போவார்
ஓட்டக் குழுவின் தணிகாசலம்.
பதில் சொல்ல எப்போதும் மூச்சு இருந்ததில்லை.

மாசி மாதம், செவ்வாய்க்கிழமை.
வலைக்கூடம் தாண்டி நின்றேன்.
கோயில், கூடம், தண்ணீர்த் தொட்டி என்று
வேகவேகமாகக் கோடு இழுத்து மூடப்போகையில்
நெத்திலி பரப்பிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள்.

"அளக்க வந்தியாம்மா?
போன மாசம் இப்படித்தான் நோட்டோட ரெண்டு பேரு.
செவுத்துல செவப்பு நம்பர் போட்டுட்டுப் போனாங்க."

படம் என்று சொல்லவேண்டும்.
"ப" மட்டும் வந்தது.

நோட்டை அவளே வாங்கிக்கொண்டாள்.
செதில் ஒட்டிய விரல் தாளில் நடந்தது.
"இது கோயிலு. இது கூடம். இது தொட்டி.
தொட்டிக்கு அடுத்தது நானு."
விரல் நின்ற இடம் வெள்ளைத் தாள்.
"பூங்காவனம் வீடு எங்க?"

எழுதிவிட்டேனோ என்று பயந்து வந்தவள்
எழுதாமல் விட்டதற்கு முகம் சுண்டினாள்.

"மூச்சு அடங்கிடுச்சுங்க" என்றேன்.
"அடங்கினா?"
"அதோட நிறுத்திடுவேன்."
பித்துப் பிடித்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாலும்
நோட்டைத் திருப்பித் தரவில்லை.

ஷூ நாடாவை இறுக்கினேன்.
படகுகள் ஏறிக் கிடக்கும் மணல் வரை ஓடினேன்,
ஒரு செவலை நாய் கூடவே வந்தது,
திரும்பி ஓடினேன்,
இந்த இரண்டு வருடத்தில் ஓடாத ஓட்டம்.
தணிகாசலம் பார்த்திருந்தால் கை தட்டியிருப்பார்.
நாய் பாதியில் உட்கார்ந்துவிட்டது.

இரைக்க இரைக்க நோட்டை வாங்கி
சிமென்ட் ஓடு போட்டேன்,
அதன்மேல் தார்ப்பாய், தார்ப்பாய்மேல் செங்கல் மூன்று.
சுவருக்கு வந்தபோது சொன்னாள்:
"நம்பரு வேணாம்."
சரி என்று தலையாட்டினேன்.
பக்கத்தில் குனிந்து நின்றாள்,
நெத்திலி வாடையும் தேங்காயெண்ணெய் வாடையுமாக.

"செவுரு ஏன் இப்படி நெளியுது?"
"ஓடி வந்தேன்ல."
"நீ ஓடின.
வீடு எங்க ஓடுச்சு?"

கதவுக்குப் போவதற்குள்
மூச்சு அடங்கிவிட்டது.
அவள் ஒன்றும் கேட்கவில்லை,
மணல் பக்கம் கையைக் காட்டினாள்.

நாய் எழுந்துகொண்டது.